இஞ்சி பிஸ்கட்டும் நான் சொன்ன ஒரு சொல்லும்



என் மூத்த மகள் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். பெருநாள் காசையும் மாமிமார் கையில் வைத்துவிட்டுப் போன காசையும் மூன்று வருடங்களாகச் சேர்த்து, சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு சிறிய மின்சார ஓவன் வாங்கினாள். முதலில் கேக், பிறகு பன் என்று ஏதேதோ செய்து பார்த்தாள். மூன்றாவது வாரம் இஞ்சி பிஸ்கட் செய்தாள். இஞ்சி பிஸ்கட் என்றால் எனக்கு உயிர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அது எனக்காகச் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தேன். தேநீரையும், ஒரு தட்டில் ஆறு பிஸ்கட்டுகளையும் கொண்டுவந்து வைத்தாள். சுக்கும் கிராம்பும் கலந்த வாசம் அடுப்படியிலிருந்து முன்னறை வரை பரவியிருந்தது. நல்ல கருப்பட்டி நிறம். மேற்புறத்தில் காய்ந்த குளத்து மண்போல மெல்லிய வெடிப்புகள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஓரம் மட்டும் சற்றே மொறுமொறுத்தது. நடுப்பகுதி பல்லுக்கு எந்த வேலையும் வைக்கவில்லை. பணியாரத்துக்கும் அல்வாவுக்கும் இடைப்பட்ட ஒரு மென்மை. நான் சிரித்துக்கொண்டே, “நடுவுல வேகலையேம்மா” என்றேன்.

“அது அப்படித்தான் வாப்பா இருக்கணும்” என்றாள், மெல்லிய குரலில். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஓவன்மேல் ஒரு பழைய துப்பட்டா போர்த்தப்பட்டிருந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. துப்பட்டா அகலவில்லை. நான் அதைக் கவனித்தேன். ஆனால் படிப்பு அதிகமாகிவிட்டது போலும் என்று எனக்கு வசதியான ஒரு காரணத்தை நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கு ஏன் கடினமான பிஸ்கட்தான் வேண்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு. என் தாய்மாமா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, நாகர்கோவில் வந்து, அங்கிருந்து பேருந்தில் வள்ளியூர் வருவார். அவர் பெட்டியைத் திறக்கும்போது தெருவே கூடியிருக்கும். ராணி சந்தன சோப்பு, சித்தாலேப தைலம், இலங்கைத் தேயிலை. அவற்றுக்கு அடியில், நசுங்கிவிடாமல் சட்டைகளுக்கு நடுவே, இஞ்சி பிஸ்கட் பொட்டலங்கள். சிங்களத்தின் வட்ட எழுத்துகளுக்குப் பக்கத்தில் நம் தமிழ் எழுத்தும் அச்சாகியிருப்பதைப் பார்த்து, வெளிநாட்டுக்காரர்கள் நமக்காகவே செய்து அனுப்பியது என்று அந்த வயதில் நம்பினேன். இலங்கையில் மாலிபன், மன்ச்சி என்ற இரு பெரிய பெயர்களிலும் இஞ்சி பிஸ்கட் வருகிறது. தேநீருக்கு அங்கே அது அன்றாடத் துணை. மாமா அதைக் கடிக்கும் ஓசை திண்ணைவரை கேட்கும். அந்த ஓசைதான் என் மனத்தில் இஞ்சி பிஸ்கட்டின் இலக்கணமாகப் பதிந்துவிட்டது.

அதற்கும் முன்பே இஞ்சி எனக்குப் பழக்கம். பேருந்து நின்றதும் ஏறி, “இஞ்சி மரப்பா, இஞ்சி மரப்பா” என்று கூவி இறங்குபவரை நம் பக்கத்தில் யார்தான் அறியமாட்டார்? இஞ்சியைத் தோல் சீவி, அரைத்து, சாற்றைப் பிழிந்து, அடியில் படியும் வெள்ளை மண்டியைத் தள்ளிவிட்டு, சர்க்கரைப் பாகில் சேர்த்துக் கிண்டுவார்கள். பாகு நுரைத்துப் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகும்போது நெய் தடவிய தட்டில் கொட்டி, சூடு ஆறுமுன் கீறிவிட வேண்டும். சற்று முந்தி இறக்கினால் பல்லில் ஒட்டும். சற்றுப் பிந்தினால் தட்டுக்கு வருவதற்குள்ளேயே பொடியாகிவிடும். வீட்டில் உம்மா செய்யும் மரப்பாவில் தட்டின் ஓரத்துத் துண்டுகள் மணல்போல் நொறுங்கும், நடுத்துண்டுகள் சவ்வுபோல் இழுபடும். ஓரத்துக்காக நானும் ராத்தாவும் சண்டையிடுவோம்.

அந்த மரப்பா அரபிச் சொல் என்பதைப் பட்டயப் படிப்பின்போதுதான் அறிந்தேன். ‘முரப்பா’ என்றால் பாகில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தியது. பிள்ளைகளை வளர்த்துப் பண்படுத்துவதற்கு நாம் ‘தர்பிய்யத்’ என்கிறோமே, அதுவும் இதுவும் நெருங்கிய உறவுச் சொற்கள். வளர்க்கப்பட்டவன் என்பதற்கும் அரபியில் ‘முரப்பா’தான். ஒரு பொருளைப் படிப்படியாக அதன் நிறைவுக்குக் கொண்டுசெல்வதே தர்பிய்யத் என்று அகராதி ஆசிரியர் ராகிப் இஸ்ஃபஹானி விளக்குவார். அடுப்பின் முன் நின்று கிண்டிய எவருக்கும் அந்த விளக்கம் உடனே புரியும். எனக்குப் புத்தகத்தில் புரிந்தது; வீட்டில் புரியக் கொஞ்சம் நாளாயிற்று.

ஸூரா அத்தஹ்ரின் 17-ஆம் வசனத்தில், சுவனவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தில் இஞ்சி கலந்திருக்கும் என்று வருகிறது. அரபியில் ‘ஸன்ஜபீல்’. பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த சொற்களுள் ஒன்றாக அறிஞர்கள் அதைக் குறிப்பிட்டிருப்பதை இமாம் ஸுயூத்தி (ரஹ்) எடுத்துக் காட்டுகிறார்கள். மொழியியலாளர் பலர் அதன் தடத்தை இன்னும் பின்னோக்கிப் பிடித்து, நம் ‘இஞ்சி வேர்’ என்பது வரை கொண்டுவருகிறார்கள். இந்தியாவின் மன்னர் ஒருவர் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு சாடி இஞ்சி அனுப்பினார் என்றும் ஓர் அறிவிப்பு ஹாகிமின் நூலில் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் சொல்லியிருப்பதால் நான் அதை வகுப்பில் சொல்வதில்லை. நம் ஊர்ப் பெருமைக்காக ஹதீஸை வளைப்பதற்கு மனம் ஒப்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மஃரிபுக்குப் பின் எங்கள் தெரு மக்தபில் முப்பது பிள்ளைகள் ஓதுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலிலிருந்து ஒரு பாடம் நடத்துவேன். அந்த வாரம் உணவின் ஒழுக்கங்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், விருப்பமில்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்ற பொருளில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸைச் சொன்னேன். வீட்டில் வினிகர் தவிர வேறு தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாத நாளில் அதையே வரவழைத்துப் புகழ்ந்தபடி உண்டார்கள் என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் கை தூக்கினான்.

“ஹஜ்ரத், குழம்பு உப்பா இருந்தா உப்பா இருக்குன்னு சொல்லலாமா? அது குறையா, உண்மையா?”

வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி. பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் உஸ்தாதுக்கு வெட்கம் இருக்கக் கூடாது.

அன்றிரவு இஷாவுக்குப் பின் ஸஹீஹ் முஸ்லிமுக்கு இமாம் நவவி (ரஹ்) எழுதிய விரிவுரையைத் திறந்தேன். ஹிஜ்ரி 676-இல் மறைந்த அந்த இமாம், நாளுக்கு ஒரு வேளை மட்டுமே உண்டவர் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவர் சமையலறைக் குறைகளை எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்கிறார் என்று வியப்பாக இருந்தது. உணவைக் குறை கூறுதல் என்றால் என்ன என்று அவர் எடுத்துக்காட்டுகளாக அடுக்குகிறார்: உப்பு கூடிவிட்டது என்பது, உப்பு குறைவு என்பது, புளிப்பு என்பது, நீர்த்திருக்கிறது என்பது, கெட்டியாக இருக்கிறது என்பது. அந்தப் பட்டியலில் அடுத்ததாக, வேகவில்லை என்பது.

புத்தகத்தை மூடாமல் அப்படியே வெகுநேரம் அமர்ந்திருந்தேன். அடுப்படிப் பக்கம் பார்த்தால் இருட்டில் அந்தத் துப்பட்டா வெள்ளையாகத் தெரிந்தது.

அதே இடத்தில் இமாம் இன்னொன்றையும் தெளிவுபடுத்துகிறார். மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் சுட்ட உடும்பு விருந்தில் வைக்கப்பட்டது. அது இன்னதென்று சொல்லப்பட்டதும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்க, இல்லை, என் மக்களின் பகுதியில் இது இருந்ததில்லை, என் மனம் அதை ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது குறை கூறுதல் ஆகாது, குறிப்பிட்ட அந்த உணவில் தமக்கு நாட்டமில்லை என்று தெரிவித்ததுதான் என்கிறார் நவவி. ‘எனக்கு மொறுமொறுப்பானது பிடிக்கும்’ என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு இடமுண்டு. நான் அவளது பிஸ்கட்டின்மேல் தீர்ப்புக் கூறினேன். அதுவும், அந்தத் தீர்ப்பே பிழை என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் உம்மாவிடம் இதைச் சொன்னேன். உம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. வாயில் மிஞ்சியிருப்பவை எட்டுப் பற்கள். எனக்கு மாமா கொண்டுவரும் பிஸ்கட்டைக் கடித்துத் தின்று பழகிவிட்டதால் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று என் பக்க நியாயத்தையும் சேர்த்துக்கொண்டேன். உம்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“ஏல, அத நீ எப்பம் கடிச்ச? ஒனக்கு அப்பம் முன்பல்லு ரெண்டும் விழுந்து கெடக்கு. தேத்தண்ணியில முக்கி, ஊற வச்சி, விரலால நசுக்கித் தந்தது நான்லா. கறக்கு முறுக்குன்னு கடிச்சது ஒன் மாமா. நீ அவுக வாயப் பாத்துக்கிட்டே இருப்ப.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக என் நாவின் விருப்பம் என்று நான் பேணி வந்தது, மாமாவின் பல்லோசை.

இந்தப் பிடிவாதம் எனக்கு மட்டும் உரியதன்று என்பது ஒரு சிறிய ஆறுதல். ஆஸ்திரேலியாவில் ஆர்னாட்ஸ் என்ற பழைய பிஸ்கட் நிறுவனம் இஞ்சி பிஸ்கட்டை ஒரே பெயரில், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு செய்முறையில் விற்கிறது. நியூ சவுத் வேல்ஸ்காரர்களுக்குச் சிறியதாக, கல்போல இறுகியது வேண்டும். விக்டோரியா, டாஸ்மேனியா மக்களுக்குப் பெரியதாக, மெதுவானது. முன்னாளில் தனித்தனியாக இருந்த பேக்கரிகளின் பழக்கம் அது. ஒன்றாக்கிவிட அந்த நிறுவனத்தாலேயே இயலவில்லை என்றால் வள்ளியூரில் ஒரு வீட்டுக்குள் எப்படி இயலும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மகளிடம் பேசினேன். “அன்னைக்கு வாப்பா சொன்னது தப்பும்மா.”

“எதுக்கு வாப்பா?”

“வேகலைன்னு சொன்னேனே.”

சிறிது நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வெந்துதான் இருந்துச்சு” என்றாள்.

“ஆமா. வெந்துதான் இருந்துச்சு.”

அதற்குமேல் இருவருமே பேசவில்லை. ஞாயிறன்று நான் கடைத்தெருவில் உடன்குடிக் கருப்பட்டி அரை கிலோ வாங்கி வந்து அடுப்படி மேடையில் வைத்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்தபோது துப்பட்டா மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இம்முறை நானும் உடன் நின்றேன். கால் கிலோ மைதா, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் கருப்பட்டித் தூள், ஒரு முட்டை, இரண்டு தேக்கரண்டி சுக்குப் பொடி, கொஞ்சம் மிளகு, நான்கு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. பச்சை இஞ்சி போடக் கூடாதா என்று கேட்டேன். பச்சை இஞ்சியின் காரம் சூட்டில் தணிந்து வாசமாகிவிடும்; காயவைக்கும்போதோ அந்தக் காரம் வேறொன்றாக மாறி இன்னும் கூர்மையாகும், தொண்டையில் இறங்கிப் பிடிப்பது சுக்குதான் என்றாள். வேதியியல் பாடத்தில் வந்ததா என்றால், இல்லை, தானே தேடிப் படித்ததாம்.

மென்மை எங்கிருந்து வருகிறது என்பதையும் அவளிடம்தான் கற்றேன். கருப்பட்டி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணமுடையது. மழைக்காலத்தில் பானையில் கருப்பட்டி கசிவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதே குணம். கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்தால் நடுப்பகுதி மெதுவாக நிற்கும். பத்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது தொட்டால் குழையும், வேகாதது போலவே இருக்கும். ஆறும்போதுதான் நிலைக்கு வரும். கடினமானது வேண்டுமானால் கருப்பட்டியில் பாதியைக் குறைத்து வெள்ளைச் சர்க்கரை சேர்த்து, முட்டையை விட்டுவிட்டு, மெல்லியதாகத் தட்டி, பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஈரம் முழுவதும் போய்விட்டால் ஆறியதும் அது கல். பிஸ்கட் பழசானால் நமத்துப்போகும் என்பதற்கும் இந்த ஈரக் கணக்குத்தான் காரணம். ஐப்பசி மழையில் மூடியைச் சரியாகப் போடாத டப்பாவைத் திறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவள் இரண்டு தட்டுகள் செய்தாள். நான் கேட்கவில்லை. முதல் தட்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. இரண்டாவது உள்ளே இருந்தது. வெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. ஓவனின் கண்ணாடிக்கு முன் குனிந்து, ஓரம் நிறம் மாறுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முரப்பா என்ற சொல் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அவளிடம் சொல்லவில்லை. பாடம் நடத்தும் நேரமாக அது தோன்றவில்லை.

தேநீர் வந்தது. சிறிய மகன் மெதுவானதில் ஓரத்தை மட்டும் வட்டமாகக் கடித்துத் தின்றுவிட்டு நடுவை அக்காவின் தட்டில் வைத்தான். அதற்காக ஒரு குட்டு வாங்கினான். என் மனைவி, இரண்டுமே நாளைக்குத்தான் நன்றாக இருக்கும், மசாலா இறங்க ஓர் இரவு வேண்டும் என்று நான்கை எடுத்துத் தனியே மூடிவைத்தாள். நான் மெதுவானதில் ஒன்று தின்றேன். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து சில்லுக் கருப்பட்டியின் நினைவை எழுப்பின. பிறகு கடினமானதில் ஒன்று. ஓசை வந்தது.

“வாப்பாவுக்கு எது பிடிச்சிருக்கு?” என்றாள்.

“எனக்கு இந்தக் கடக்கு முடக்குதாம்மா இஷ்டம்” என்றேன். “அந்த மெதுவுல இன்னொன்னு தா.”

கொண்டுவந்து வைத்தாள்.

உம்மா இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கடினமானதைத்தான் எடுத்தார்கள். எட்டுப் பல்லுக்கு இது எதற்கு வாப்பும்மா, மெதுவானது உங்களுக்காகத்தானே என்றாள் பேத்தி. உம்மா பதில் சொல்லாமல் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் முக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை கொஞ்சம் கூடிவிட்டது போலும். பாதி உடைந்து டம்ளருக்குள் போய்விட்டது. மகள் எழுந்து கரண்டி எடுத்து வந்து, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, அதைத் துழாவித் துழாவி எடுத்து வாப்பும்மாவின் வாயில் வைத்தாள்.

“நல்லா ஊறுதுட்டி” என்றார்கள் உம்மா.